கருவறைப் பணி யாருக்கு உரியது?

கோயிலில் பணிசெய்வோர் அதைச் சூழ்ந்து வாழும் மக்களைப் போல இருக்க வேண்டுமா? கொங்கு நாட்டில் இக்கேள்விக்குப் பழநியே சான்று. காவடி சுமந்து மலையேறுவோரில் எல்லாச் சாதியாரும் உண்டு. கருவறைப் பூசையோ நெடுங்காலமாக ஒரே பிறப்பினருக்கு உரியதாக இருந்தது. ஆனால் அது தொன்றுதொட்ட நிலை அன்று. முன்பு சித்தர் புலிப்பாணியின் வழிவந்த பண்டாரங்களே பூசை செய்தனர் என்றும், திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பய்யன் காலத்தில்தான் அது குருக்களிடம் போனது என்றும் மரபு சொல்கிறது. அந்த மாற்றத்தால் முருகனின் அருள் குறையவில்லை. இன்னொரு மாற்றத்தாலும் குறையாது.

பிற சாதியார் பூசை செய்வதைக் கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமம் தடுக்கிறதே என்பது வலுவான மறுப்பு. அர்ச்சகர் பணியில் பரம்பரை உரிமையை ஒழித்த தமிழக அரசின் சட்டத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சொன்னது. பிறப்பை வலியுறுத்தும் ஆகம விளக்கங்கள் உண்டுதான். ஆயினும் தன் கையால் இறைச்சி படைத்துப் பூசித்த வேடர் கண்ணப்பரைச் சிவாலயந்தோறும் நிறுத்தி வணங்குவதும் அதே சைவம். இறைவன் ஏற்ற பூசையை விதி விலக்குமானால், ஆராய வேண்டியது விதியையே.

தகுதி போதாதா, விகிதாசாரம் எதற்கு என்பார்கள். விகிதாசாரத்தை நான் கேட்கவில்லை. தகுதி மட்டுமே வாயிற்காவல் என்றால், பயிற்சி பெற்ற பல சாதியார் காலப்போக்கில் உள்ளே தென்பட்டே தீர வேண்டும். தென்படாவிட்டால் அங்கே காவல் நிற்பது பிறப்பு. 2021 ஆகஸ்டில் பல சாதியைச் சேர்ந்த 24 பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் நியமிக்கப்பட்டது நல்ல தொடக்கம். கொங்கின் பெருங்கோயில்கள் அதை வழக்கமாக்க வேண்டும்.