எதிரே வரும் கண்

பழைய அம்பாஸிடரின் முன்விளக்கை மாற்றுவதில் தர்மப் பிரச்னை என்ன இருக்க முடியும்? பல்பு மங்கல், பிரகாசமான ஒன்றை மாட்டினால் பாதை தெரிகிறது, காரியம் முடிந்தது. ஆனால் விளக்கு மற்ற உதிரிப் பாகங்களைப் போன்றதல்ல. கிளட்சை மாற்றுவது வண்டிக்கும் வண்டிக்காரனுக்கும் இடையிலான விவகாரம். ஹாரனை விட்டால், விளக்கு ஒன்றுதான் வண்டியை விட்டு வெளியேறி முன்பின் தெரியாத ஒருவனிடம் போய் முடிகிறது. எனக்குப் பார்வை தரும் அதே ஒளி அவனுடைய பார்வையைப் பறிக்கிறது. இவை இரண்டு செயல்கள் அல்ல, ஒரே செயலின் இரண்டு முனைகள். இதைச் சாதுர்யமாகப் பிரித்து, ஒரு முனையை மட்டும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

முதலில் அந்த 'மங்கல்' என்ற குற்றச்சாட்டையே பார்க்கவேண்டும். அம்பாஸிடர் 1958-லிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி. அதன் ஏழு அங்குல வட்ட விளக்கைக் குறை சொல்கிறவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? பூச்சு போன ரிஃப்ளெக்டர், பச்சை பூத்த இணைப்புகள், ஸ்விட்சைச் சுற்றிக்கொண்டு வரும் மெல்லிய ஒயர் - இவற்றைத்தான். டங்ஸ்டன் இழையின் சுபாவம் விசித்திரமானது: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ரிலே வைத்து, எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அதே பல்பு வேறு விளக்காகிவிடுகிறது. பழையதைப் பட்டினி போட்டுவிட்டு அதன் பலவீனத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறோம். இது கார் விஷயத்தில் மட்டும் நடப்பதல்ல என்பதை இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இதனால் வெளிச்சத்தைக் கூட்டுவதே சுயநலம் என்று ஆகிவிடாது. சாலையோரம் இருட்டில் நடந்து போகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் விளக்கு கிடையாது. அவன் உயிர் என் விளக்கை நம்பி இருக்கிறது. நான் பார்க்கத் தவறினால் அவன் இல்லை. ஆக, என் எதிரில் இருப்பது ஒரு 'மற்றவன்' அல்ல, இரண்டு பேர். ஒருவன் என் ஒளியால் காப்பாற்றப்பட வேண்டியவன். மற்றவன் என் ஒளியிலிருந்து காப்பாற்றப்பட வேண்டியவன். 'பிறர் நலம்' என்று பொதுவில் பேசும்போது இந்த இருவரையும் ஒருவராகக் குழப்பிவிடுகிறோம். ஒருவனுக்குச் செய்யும் நன்மையே இன்னொருவனுக்குக் கெடுதலாகும் இடத்தில்தான் அறம் என்பது யோசிக்கவேண்டிய விஷயமாகிறது. அதற்கு முன்பு அது வெறும் நல்லெண்ணம்.

இந்தச் சிக்கலுக்கு அளவு பதில் சொல்லாது, உருவம்தான் சொல்லும். 1971-ல் வந்த எச்4 பல்பை எடுத்துக்கொள்வோம். 60/55 வாட், இரண்டு இழைகள். டிம் இழையின் அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகவிருந்த ஒளியை அது மறித்துவிடுகிறது. மறிக்காவிட்டால் அந்த ஒளி மேல்நோக்கிக் கிளம்பி எதிரே வருபவன் கண்ணில் விழும். தான் உண்டாக்கிய வெளிச்சத்தில் ஒரு பெரும் பங்கை வேண்டாம் என்று தள்ளிவிடும் இந்தக் கிண்ணம்தான் விளக்கை விளக்காக்குகிறது. 1957-ல் ஐரோப்பா ஏற்றுக்கொண்ட சமச்சீரற்ற டிம் இன்னும் நுட்பமானது. எதிர்வண்டிப் பக்கம் ஒளி தாழ்ந்தே இருக்கும். ஓரத்தில் நடப்பவன் பக்கம் மட்டும் சாய்வாக மேலேறும். நான் மேலே சொன்ன இரண்டு மனிதர்களும் அந்தக் கண்ணாடியின் வரிகளில் ஸ்தூலமாக இருக்கிறார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காக வார்த்த கண்ணாடியை இறக்குமதி செய்து இங்கே மாட்டினால் அதே நுட்பம் தலைகீழாகிறது. நடப்பவன் இருட்டில் நிற்பான், எதிரே வருபவன் குருடாவான். ஒரு நாட்டின் கருணை இன்னொரு நாட்டில் குற்றம்.

கடைத்தெருவில் நடக்கும் 'மேம்பாடு' உருவத்தைத் தொடுவதில்லை, சக்தியை மட்டும் கூட்டுகிறது. 100/90 வாட் பல்பைப் போட்டால் இரண்டு விளக்கும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; பழைய ஸ்விட்ச் கொதிக்கும். இழைக்காகக் கணக்கிட்ட ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுவதால், அந்தக் கணக்கு சிதறிப்போகலாம். அப்போது வெளிச்சம் வண்டிக்கு முன்னால் தரையிலும், மரக்கிளையிலும், எதிர்க் கண்ணிலும் விழுகிறது. ஓட்டுகிறவனுக்கோ அபாரமான திருப்தி. பக்கத்துத் தரை பளீரென்று இருப்பதால் கண்பாவை சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் கெட்டிப்படுகிறது என்பது அவனுக்குத் தெரிவதில்லை. அதிகம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு குறைவாகப் பார்க்கிறான். பிறரைக் குருடாக்குவது பாதி விஷயம். தன் குருட்டுத்தனத்தையே பிரகாசம் என்று அனுபவிப்பது மறுபாதி. நம் விமர்சகர்கள் 'வெளிச்சம் பாய்ச்சுவது' பற்றிப் பேசும்போது எனக்கு இந்தக் கார்தான் நினைவுக்கு வருகிறது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒரு கண்ணைக் கற்பனை செய்கின்றன: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். அந்தக் கண் கூசக்கூடாது. முகமில்லாத, பெயரில்லாத கண். சட்டத்தால் இவ்வளவுதான் முடியும். குழந்தையின் கண் அந்த உயரத்தில் இல்லை. முதியவரின் கண் ஒரு கூச்சத்திலிருந்து மீள இளைஞனைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். விதி நிற்கும் இடத்துக்கு அப்பால் இருப்பதை ஓட்டுகிறவன்தான் இட்டு நிரப்பவேண்டும்.

அதற்கான செயல் டிம் அடிப்பது. பழைய கார்கள் பலவற்றில் அந்த ஸ்விட்ச் இடது காலடியில் இருந்தது. மரியாதையைக் காலால் செய்தார்கள். இருவழிச் சாலையில் யாராவது ஒருவன் முதலில் இறக்கவேண்டும். இறக்கியவன் ஒரு கணம் நஷ்டப்படுகிறான். மற்றவனும் இறக்குவான் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. ஆனாலும் இறக்குகிறான். இறக்கினாலும் கண்ணைக் குத்தும் விளக்கை மாட்டியவன் இந்தப் பாஷையையே அழித்துவிடுகிறான். அவன் டிம் அடித்ததை எதிராளியால் தெரிந்துகொள்ள முடியாது. அடுத்த வாரம் எதிராளியும் கடைக்குப் போவான்.

டிம் அடித்துக்கொண்டு இரண்டு வண்டிகள் கடக்கும் அந்த ஒன்றிரண்டு வினாடி இருவருமே குறைவாகப் பார்க்கிறார்கள். அந்த இருட்டை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கடைக்காரன் சொல்லிவிடுவான். எங்கே நிறுத்தவேண்டும் என்பது எதிரே வருகிறவனுக்குத்தான் தெரியும். அவனை நிறுத்திக் கேட்க முடியாது.