கொடியை யார் ஏற்றுவது?

திருவெள்ளறைக்கு வருகிறவர்கள் செந்தாமரைக்கண்ணன் கோயிலைப் பார்த்துவிட்டு, மதிலுக்கு வெளியே உள்ள நாலு மூலைக் கேணிக்குப் போகிறார்கள். நான்கு பக்கமும் படிகள் மடங்கி மடங்கி இறங்கும் ஸ்வஸ்திக வடிவக் கிணறு. மேட்டில் நின்று, வடிவம் முழுதும் விழும்படி படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்வெட்டு இதை மாற்பிடுகு பெருங்கிணறு என்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. அங்கே ஒரு பாட்டும் பொறித்திருக்கிறது. வாழ்வு நிற்காது, மூப்பு வந்து தளரும் முன்னே இருப்பதைப் பிறருக்குக் கொடு என்பது அதன் சாரம். அந்த மனிதர் வெட்டியது ஒரு சின்னத்தையா, தண்ணீர்க் கிணற்றையா? படம் எடுக்கிற நாம் எதைப் பார்க்கிறோம்?

இதே வடிவம் இன்னொரு நாட்டில் என்ன ஆனது என்பதையும் பார்ப்போம். 1935 செப்டம்பர் 15, நியூரம்பெர்க். ஸ்வஸ்திகக் கொடியே ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடி என்று அன்று சட்டம் இயற்றினார்கள். அதே நாளில் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டமும் நிறைவேறியது. அன்றைய மற்றொரு சட்டத்தில், யூதர்கள் தேசியக் கொடியை ஏற்றக் கூடாது என்று தனியாக ஒரு பிரிவே இருந்தது. கோடுகள் ஒன்றுதான். இங்கே அவை தண்ணீருக்கு இறங்கும் படிகளாயின. அங்கே மனிதரை மனிதர் என்று ஒப்புக்கொள்ளாத அரசின் முத்திரையாயின. எந்தச் சின்னத்துக்கும் தானாக ஒரு அறம் கிடையாது. அதன் கீழே நாம் செய்வதுதான் அதன் பொருள்.

ஜெர்மனி தூரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? 2020 ஆகஸ்ட் 15, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவர் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, ஊர் தலைகுனிந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளை ஆய்வு செய்தது. 20 ஊராட்சிகளில் தலித் தலைவர்கள் கொடியேற்றத் தடை இருந்தது. 22 இடங்களில் தலைவர் உட்கார நாற்காலிகூட இல்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியதாயிற்று: தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. சுதந்திரத்தின் 75 ஆண்டுகள் நிறைந்தபோது ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் எழுதிய கடிதம் அது.

நியூரம்பெர்க்கில் சட்டம் தடுத்தது. இங்கே சட்டம் அனுமதிக்கிறது, ஊர் தடுக்கிறது. வேறுபாடு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேறுபாடு நம் பொறுப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? சட்டம் தடுத்தால் சர்வாதிகாரியைக் கைகாட்டலாம். வழக்கம் தடுத்தால் யாரைக் கைகாட்டுவீர்கள்? வழக்கம் என்பது நீங்களும் நானும் நம் அண்டை வீட்டாரும் தினமும் வாய்மூடி நிற்பதுதானே?

யார் கொடியேற்றுவது என்பது சில்லறைச் சடங்கு விவகாரம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாடு அப்படி நினைத்ததில்லை. சுதந்திர நாளில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே கொடியேற்றிவந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் இருக்க, நியமனம் பெற்று வந்தவர் ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்டவர் மு. கருணாநிதி. டெல்லி இணங்கியது. 1974 முதல் இந்தியா முழுவதும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே உரிமை என்று டெல்லியிடம் வாதாடி வென்ற மாநிலம், அந்த உரிமையைத் தன் ஊராட்சிக்குத் தர மறுத்தால் அதன் வாதத்தில் என்ன நேர்மை மிஞ்சும்?

இந்த நோய் நேற்று வந்ததல்ல. விடுதலைப் போராட்டத்தின் உள்ளேயே இருந்தது. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். கோழை என்று எதிரிகூடச் சொல்ல முடியாத மனிதர். லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்தவர். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பிறப்பால் எல்லா உயிரும் சமம் என்ற குறளையும் சேர்த்துத்தான். அவர் 1922-இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசபக்தர்களை உருவாக்கும் கூடம் என்று காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது, நாடெங்கும் நன்கொடை வந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி. பெற்றோர் கேட்டார்கள், ஐயர் இணங்கினார். வெள்ளையனின் துப்பாக்கிக்கு அஞ்சாதவர் இரண்டு தகப்பன்மாரின் முகத்துக்கு ஏன் அஞ்சினார்?

அன்று காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்வி அதுதான். தேசிய இயக்கம் சார்ந்த நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை 1925-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி நிறைவேற்றியது. அதை ஏற்க முடியாமல் ராஜாஜியும் சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். பக்குவமாக மனத்தை மாற்ற வேண்டும், கட்டாயம் கூடாது என்பது அவர்கள் வாதம். காத்திருக்கச் சொல்வது எப்போதும் காத்திருக்கத் தேவையில்லாதவர்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தே ஆண்டுகள் கழித்து அதே ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் மிரட்டினார். மக்கள் கேட்கவில்லை. மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டிவைத்தார்கள் என்று அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பொட்டலத்தைக் கட்டிய கைகளை நான் வணங்குவேன். சோறு போடாதே என்று அரசு சொன்னபோது மீறிய இதே சமூகம், சேர்ந்து உண்ணாதே என்று சாதி சொன்னபோது ஏன் அடங்கிப் போயிற்று? அரசை எதிர்த்தால் தியாகி ஆகலாம், அத்தையையும் மாமனையும் எதிர்த்தால் தனித்துப் போவோம் என்ற கணக்குதானே காரணம்? மனிதர் மாற முடியும் என்பதற்கும் ராஜாஜியே சான்று: 1939-இல் மதுரைக் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தவர் அவர். அப்படியானால் 1925-இல் மாறியிருக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி.

இனி நம் சட்டங்களுக்கு வருவோம். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. ஒருவரைப் பொதுக் கிணற்றில் இறங்க விடாமல் தடுத்தால் அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1957-இல் பெரியார், சாதியைக் காப்பாற்றும் அரசமைப்புப் பிரிவுகளை எரிக்கப் போவதாக அறிவித்தார். சென்னை மாநில அரசு அவசரமாகத் தேசிய அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. தாளை எரித்தால் 3 ஆண்டு வரை சிறை. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனிதனை அவமதித்தால் ஆறு மாதம், தாளை அவமதித்தால் மூன்று ஆண்டு!

நவம்பர் 26 அன்று ஆயிரக்கணக்கானோர் எரித்துச் சிறை போனார்கள். அவர்களில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் 1958 மார்ச்சில் திருச்சி சிறையில் இறந்தார்கள். உடல்களை உறவினரிடம் கொடுக்காமல் சிறைக்குள்ளேயே புதைத்தார்கள். பெரியாரின் துணைவியார் மணியம்மையார் சென்னை சென்று அரசிடம் வாதாடிய பிறகே தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். திருச்சித் தெருக்களில் அவர்களின் இறுதி ஊர்வலம் போயிற்று. அரசமைப்புச் சட்டத்தை எரித்தது சரியா? நான் எரிக்க மாட்டேன். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு அதற்குள்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாட முடியும். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சாம்பலாகவில்லை. சாதியை ஏன் ஒழிக்கவில்லை என்று கேட்டவனுக்குச் சிறைக்குழி கொடுத்தால் காப்பாற்றப்பட்டது எந்தத் தேசத்தின் மானம்?

பின்னாளில் 1989-இல் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, உண்மை. சட்டம் முன்னேறியது. நாம்? 2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றினோம். கொடி எல்லார் கைக்கும் எட்ட வேண்டும் என்று, இயந்திரத்தில் நெய்த பாலியஸ்டர் கொடிக்கும் முந்தைய ஆண்டே விதி திருத்தியிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், திருச்சிக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே இறையூர் தேநீர்க் கடையில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையைக் கண்டார்கள். அங்குள்ள அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை ஆட்சியர் அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஆகஸ்டில் கொடி ஏற்றிய கைகள்தானே டிசம்பரில் அந்தக் கடையில் தேநீர் குடித்தன? இரண்டாவது குவளை யாருக்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா?

இதற்கெல்லாம் மேலே ஒருவன் கணக்குப் பார்ப்பான், கர்மம் தீர்க்கும் என்று சொல்லித் தப்ப வேண்டாம். ஆத்துப்பாக்கத்தில் தடுத்தவர்களும் மனிதர்கள், ஐந்து நாளில் அதைச் சரிசெய்தவர்களும் மனிதர்கள். எந்தத் தெய்வமும் அந்தக் கயிற்றைத் தொடவில்லை.

அடுத்த ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். தலைவர் யார், கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தலைவருக்கு நாற்காலி இருக்கிறதா, அவர் பெயர் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், தேசிய கீதம் தொடங்கும் முன்னே, எல்லார் காதிலும் விழும்படி ஏன் என்று கேளுங்கள்.