பின் சீட்

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். தாராபுரத்திலிருந்து திருப்பூர் போகும் ரோட்டில், குண்டடத்துக்குப் பக்கம். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். ஓவர்டைம் இருக்கும் நாட்களில் வேன் முன்னாடியே போய்விடும், நான் போய்க் கூட்டிவர வேண்டும். வாரத்துக்கு எப்படியும் மூன்று ராத்திரி.

வண்டி அப்பாவுடையது. 100 சிசி, கம்பி வீல். அப்பா போன பிறகு என் கைக்கு வந்தது. முதல் சம்பளத்தில் நான் செய்த முதல் காரியம் அந்தக் கம்பி வீல்களைக் கழற்றி வீசியதுதான். வீசவில்லை, சரியாகச் சொன்னால் மாடிப்படிக்கு அடியில் போட்டேன். செகண்ட் ஹேண்டில் இரண்டு அலாய் வீல், பின்னால் 80 அளவுக்குப் பதில் 100 அளவு டயர். "இப்பத்தான்டா வண்டி மாதிரி இருக்கு" என்றார்கள் நண்பர்கள். மைலேஜ் குறையக்கூடாது என்று பின் டயரில் 45 காற்று.

ஓட்டுகிறவனுக்கு அது பிடித்திருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி தரையைக் கவ்வியது. வளைவில் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். பழைய டயரில் இடுப்பைச் சாய்த்தாலே திரும்பிய வண்டியை இப்போது கையால் தள்ள வேண்டியிருந்தது. ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் அதன் இரண்டு விளிம்பும் உள்பக்கமாக இறுக்கப்பட்டு முதுகு கூம்பிவிடும், டயர் தயாரித்தவன் நினைத்த வடிவம் அதற்கு இருக்காது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, அகலம் என்றால் கெத்து.

அம்மா வீட்டு வாசலில் இறங்கியதும் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகுதான் நடப்பாள். நான் அதைப் பார்த்தேன். பல மாதம் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் மாமா பையன் வண்டியை வாங்கி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. குண்டடம் தாண்டி ஒரு பள்ளம். எனக்கு மனப்பாடமான பள்ளம்தான். ஆனால் அவன் முதுகு மறைத்ததால் அது வருவது தெரியவில்லை. முதுகுத்தண்டில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. "டேய், பாத்துப் போடா" என்றேன். "பாத்துத்தான்டா போறேன்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்கு அது பெரிய பள்ளமே இல்லை.

பஸ்ஸில் நடு சீட்டுக்கும் கடைசி சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். வண்டியிலும் அதேதான். ஓட்டுகிறவன் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறான், அவனுக்கு வருவது ஆட்டம். பின்னால் இருப்பவர் பின் சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே இருக்கிறார், அவருக்கு வருவது அடி. தவிர, ஓட்டுகிறவனுக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரியும். கால் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வான். சேலை கட்டி ஒருபக்கமாக, இடுப்பைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அடி முழுவதும் ஒரே இடுப்பில் இறங்கும். ஆக, ஒரே வண்டியில் ஒரே ரோட்டில் இரண்டு பேர் இரண்டு விதமான பயணம் செய்கிறார்கள். வீலைத் தேர்ந்தெடுக்கிறவன் மட்டும் எப்போதும் நல்ல சீட்டில்.

அம்மா ஏன் சொல்லவில்லை? அன்றிரவே கேட்டேன். "வண்டில வந்தா இடுப்பு வலிக்குதாம்மா?"

"வயசாச்சுல்ல கண்ணு, வலிக்காம என்ன பண்ணும்?"

எனக்கு எந்தப் பதிலையும்விட அது கஷ்டமாக இருந்தது. வலியை அவள் மறைக்கவே இல்லை, அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். வீல் மாறியது தெரியும், வலி வந்தது தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. நாள் முழுக்க டேபிள் முன்னால் நின்று துணியில் ஓட்டை தேடுகிறவளுக்கு இடுப்பு வலிக்கக் காரணமா கிடைக்காது?

"அவங்க ஒண்ணும் சொல்லலையே" என்பதை நாம் ஒரு சம்மதம் மாதிரி எடுத்துக்கொள்கிறோம். வீட்டில், கம்பெனியில், எல்லா இடத்திலும். பெரியவர்கள்தானே, வேண்டுமென்றால் சொல்லட்டும், நாமாக ஊகித்துச் செய்தால் அது அவர்களைக் குழந்தையாக்குவது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் புகார் சொல்ல மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: வலி எங்கிருந்து வருகிறது, வேறு மாதிரியும் இருக்க முடியும், சொன்னால் பாரமாக நினைக்க மாட்டார்கள். அம்மாவுக்கு மூன்றும் இல்லை. மூன்றில் முதல் இரண்டு என் கையில் இருந்தன.

பழைய கம்பி வீல்களைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வீலைச் சுற்றிவிட்டு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். டிங், டிங், டிங், டொக். "இதுதான் லூசு" என்று அங்கேயே நிப்பிளை முறுக்கினார். கம்பி வீல் கோணினால் ஆடும், சத்தம் போடும், கோட்டம் எடுத்துவிடலாம். அலாய் அப்படியில்லை. உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே ஒன்றும் காட்டாது, ஒருநாள் மொத்தமாகப் போகும்.

"அப்ப கம்பி வீலே மாட்டிருங்கண்ணா."

"அவசரப்படாத தம்பி. ராத்திரில அம்மாவைக் கூட்டிட்டு வர்ற. டியூப் டயர்ல ஆணி ஏறுனா அங்கயே உக்கார வேண்டியதுதான். ட்யூப்லெஸ்னா வீடு வந்து சேந்துருவ. குலுக்கல்ல கம்பிக்கும் அலாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்ல. முதல்ல காத்தைப் பாரு."

செயின் கவரில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது. இரண்டு பேர் போனால் பின்னால் 36. நான் ஒருநாளும் படித்ததில்லை.

டயருக்குள் காற்று வந்த கதையே இன்னொருவர் உட்கார்ந்த வண்டியில் தொடங்கியதுதான். 1845-இலேயே தாம்சன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், கெட்டி ரப்பர் சக்கரத்தில் குலுங்கிக்கொண்டு போன தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத் திரும்பவும் அதைச் செய்தார். அவர் அந்த சைக்கிளில் ஏறிப் போயிருக்க முடியாது. பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். நானும்தான் வாசலில் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அலாயை அப்படியே வைத்துக்கொண்டேன். பின் டயரை மட்டும் பழைய அளவுக்கு மாற்றி, 36 காற்று. மறுநாள் ஓவர்டைம். ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ள, காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தூரத்தில் மினுங்க, அந்தப் பள்ளத்தை மெதுவாக ஏறி இறங்கினேன்.

"ஏஞ்சாமி, இன்னிக்கு ரோடு புதுசா போட்டுட்டாங்களா?" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

காரணம் நான்தான் என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வீடு வரை வந்துவிட்டேன்.