நிலத்துக்கு உரியவர் யார்?

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 70 சதவீதம் வறண்ட அல்லது ஓரளவு வறண்ட நிலம். மழை குறைவு, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். ஆனால் மண்ணுக்கடியில் செல்வம் மிகுதி: மேற்கே பில்பாராவில் இரும்புத் தாது, கிழக்கே குயின்ஸ்லாந்தில் நிலக்கரி.

இந்நிலத்தைப் பற்றி இரு பார்வைகள் மோதுகின்றன. பூர்வகுடிகளின் சமயங்களில், ஆதி முன்னோர் நாடெங்கும் பயணம் செய்து மலைகளையும் சுனைகளையும் உருவாக்கினர்; வாழும் நெறியையும் வகுத்தனர். ஆகவே நிலம் மனிதருக்கு உரியதன்று; மனிதரே நிலத்துக்கு உரியவர். அதைக் காப்பது அவர்கள் கடமை. பாலையில் நீர் இருக்கும் இடம் பற்றிய அறிவும் இக்கதைகளில் பொதிந்துள்ளது. 1788இல் குடியேறத் தொடங்கிய பிரிட்டிஷாரோ நிலத்தை உடைமையாகக் கண்டனர். அதற்கு முன் உரிமையாளர் எவரும் இல்லை என்றே கொண்டனர்.

அக்கருத்தை 1992இல் மாபோ வழக்கில் நாட்டின் தலைமை நீதிமன்றம் நிராகரித்தது. 1985இல் உலுரு பாறை பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டிருந்தது. 2019இல் அதன்மீது ஏறுவது தடை செய்யப்பட்டது. ஆயினும் கனிமங்கள் பெரும்பாலும் அரசுக்கே சொந்தம். 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய, பில்பாராவின் ஜூக்கன் பள்ளத்தாக்குக் குகைகள் 2020இல் இரும்புத் தாதுச் சுரங்கத்துக்காக, சட்ட அனுமதியுடனேயே தகர்க்கப்பட்டன.

உடைமைச் சட்டம் இழப்புக்கு ஈடு உண்டு எனக் கருதுகிறது. புனிதம் குறிப்பிட்ட ஓர் இடத்திலேயே உறைகிறது என்னும் நம்பிக்கையில் அத்தகைய மாற்று எதுவும் இல்லை. நிலவுரிமைச் சட்டங்கள் இன்னும் தீர்க்காத முரண் இதுவே.