ரோகிணி நீரும் வேங்கட எல்லையும்



இரு மக்கட் கூட்டத்தார் ஒரே மண்ணைத் தமதென்று உரிமை கொண்டாடுங்கால், அவரிடையே சமாதானம் விளையாதவாறு தடுப்பது யாது? மண்ணின் குறைவா, மனத்தின் குறைவா? இதனைச் சற்றே ஆராய்வோமாக.

பாலஸ்தீனத்தைப் பற்றிய செய்தியைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சம் பதைக்கின்றது. 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை அந்நிலத்தை இரண்டாகப் பகுக்கத் தீர்மானித்தது. யூதத் தலைவர்கள் ஏற்றனர், அரபியர் மறுத்தனர். 1948ஆம் ஆண்டையொட்டிய போரில் ஏறக்குறைய 7 லட்சம் பாலஸ்தீனர் வீடு வாசல் இழந்தனர். அன்று மூண்ட தீ இன்றளவும் முற்றும் அவிந்தபாடில்லை. 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அதன்பின் காசாவில் குழந்தைகள் உட்படப் பல்லாயிரவர் மாண்டனர்.

இத்தகைய வழக்கொன்று, அளவிற் சிறியதாயினும், நமது சந்திரகிரியின் வாசலிலும் நின்றதுண்டு. தமிழகத்தின் வட எல்லை வேங்கடமென்பது பண்டைத் தமிழ்நூல்கள் கூறும் செய்தி. அம்மலைமேல் ஆழ்வார்கள் தமிழிற் பாடினர். பிற்காலத்தே அன்னமய்யா தெலுங்கிற் பாடினார். இரு மொழியாரும் ஒரே குன்றை நெஞ்சிற் சுமந்தனர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது சந்திரகிரி, திருத்தணி முதலிய தாலுக்காக்கள் அதனுட் சேர்ந்தன. 1952 டிசம்பர் 15ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. அக்காலத்தே ஒருசாரார் “மதராஸ் மனதே” என்றனர், மறுசாரார், ம.பொ. சிவஞானம் தலைமையில், “வேங்கடத்தை விடமாட்டோம்” என்றனர். ஊர்வலமும் மறியலும் சிறைவாசமும் தொடர்ந்தன.

சமாதானத்திற்கு வரும் தடைகள் மூன்றென்பேன். முதலாவது, பற்று. நிலத்தை உழுது பயிரிடுவோன் அதனைப் பங்கிடவும் இசைவான். அதனைப் புனிதமென்று மட்டும் எண்ணுவோன் ஒரு பிடியும் விடான். வேங்கடத்திற்கு நேர்ந்தது இது. மூன்று சமயத்தார் போற்றும் எருசலேமிற்கும் நேர்ந்தது இதுவே. 2000ஆம் ஆண்டில் கேம்ப் டேவிட் பேச்சு முறிந்தமைக்கு அந்நகர் பற்றிய பூசலும் ஒரு பெருங்காரணம்.

இரண்டாவது, அச்சம். விட்டுக்கொடுக்கும் தலைவன் பகைவனுக்கு அஞ்சுவதினும் தன் இனத்தார்க்கு மிகுதியும் அஞ்சுகிறான். எகிப்தின் சாதாத் 1981இலும், இஸ்ரேலின் ராபின் 1995இலும் தம் நாட்டார் கையாலேயே மடிந்தனர்.

மூன்றாவது, ஓரவஞ்சனைக் கணக்கு. தன் பக்கத்துப் பிணத்தை எண்ணி அழுவோன் மறுபக்கத்துப் பிணத்தை எண்ணவும் மறுக்கிறான்.

பகவான் புத்தர் காலத்தே சாக்கியர்க்கும் கோலியர்க்கும் இடையே ரோகிணி ஆறு ஓடிற்று. ஆனி மாதத்தே பயிர் வாட, நீர் எமக்கே என்று இருபக்கத்து உழவரும் சச்சரவிட்டனர். சொல் வளர்ந்து குலத்தைப் பழித்தது. பழி வளர்ந்து படை திரண்டது. ததாகதர் அங்கு எழுந்தருளி, சண்டை எதன் பொருட்டென வினவினார். அரசர்க்குத் தெரியவில்லை! படைத்தலைவர்க்கும் தெரியவில்லை. முடிவில் கூலியாட்களை அழைத்துக் கேட்டபின்னரே, நீரின் பொருட்டென்பது வெளியாயிற்று. “நீர் விலையுயர்ந்ததோ, மாந்தர் உயிர் விலையுயர்ந்ததோ?” என்னும் கருத்துப்பட அவர் வினவ, ஆயுதங்கள் கீழிறங்கின. தந்தைவழியிற் சாக்கியரும் தாய்வழியிற் கோலியரும் அவர்க்கு உறவினர்; ஆதலின் இருசாராரும் அவர் சொல்லைச் செவிமடுத்தனர்.

நம் எல்லை வழக்கும் அவ்வாறே ஒரு நடுவரால் தீர்ந்தது. படாஸ்கர் என்பார் கிராமத்தை அலகாகக் கொண்டு, பேசும் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாக்கினார். அந்த ஒரே கோலால் இருபக்கமும் அளக்கப்பெற்றன. சென்னையிற் காமராசரும் ஆந்திரத்திற் சஞ்சீவ ரெட்டியும் முதலமைச்சராயிருந்த காலம் அது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழகம் சேர்ந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரம் சேர்ந்தன. திருப்பதியும் சந்திரகிரியும் ஆந்திரத்திலேயே நின்றன. முழுதும் பெற்றவர் எவருமிலர். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவரும் எவருமிலர்.

இதனைக் கொண்டு பாலஸ்தீனத்தார்க்கு எளிதாய் உபதேசம் செய்தல் தகாது. இங்கு இருசாராரும் ஒரே அரசியற் சட்டத்தின் கீழ்ச் சமமாய் நின்றனர். அங்கோ ஒருவரிடம் அரசும் படையும் உண்டு. மற்றவர் 1967 முதல் ஆக்கிரமிப்பின்கீழ் வாழ்கின்றனர். நிகரற்ற இருவரிடையே ஒரே கோல் வேண்டுமெனில், முதலில் எளியோன் நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும். தன் பிள்ளை அச்சமின்றி உறங்குமென்னும் உறுதி இருபக்கத்துத் தாயர்க்கும் வேண்டும்.

இங்கும் புண் முற்றும் ஆறிற்றில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தோரென்று கூறிச் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலர் சுட்டதில், தமிழகத்துக் கூலியாட்கள் 20 பேர் மாண்டனர். அன்று இரு மாநிலத்தார் மனமும் கசந்தது. ஆயினும் மறுபக்கத்தையும் மறவாதீர். 1983இல் இரு மாநிலங்களும் செய்த உடன்படிக்கையின்படி கிருஷ்ணை நீர் கண்டலேறு வழியாய்ப் பூண்டி ஏரிக்கு வருகின்றது. எந்தச் சென்னையின் பொருட்டுப் பூசலிட்டனரோ, அந்தச் சென்னையின் தாகத்தை ஆந்திர மண் கடந்துவரும் நீர் தணிக்கின்றது. ரோகிணிக் கரையில் வாளாய் மாற இருந்த நீர், இங்கே அன்பளிப்பாயிற்று.

நூற்பாலையில் உழைத்தோர் அறிவர்: அறுந்த இழையை ஒரு நுனியை மட்டும் பிடித்து இணைத்தல் இயலாது. ஆகலின் சகோதரர்களே, தமிழ் பேசும் நாம் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரின் இழப்பையும் நம் இழப்போடு சேர்த்து எண்ணப் பழகுவோம். குழாயடியிலும் சந்தையிலும் சொல் தடிக்கும்போது, குலத்தைப் பழிக்குமுன் நாவை அடக்குவோம். அரசர் அறியாத காரணத்தை அன்று கூலியாட்கள் அறிந்திருந்தனர். சண்டையை நிறுத்தும் வழியையும் உழைப்போரே முதலில் அறியக்கடவர்.

எல்லா உயிர்களும் பகையின்றி வாழ்க!