காவல் நாயா, மோப்ப நாயா?

நாய் வளர்க்கிறீர்களா? அப்படியென்றால் சம்பளம் வாங்காத ஆலோசகர்கள் உங்களுக்கு ஏராளம். காலையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போய்வருவதற்குள் ரெண்டு தீர்ப்பாவது வந்துவிடும். 'என்ன சார் இப்படி இளைச்சுப் போச்சு, சோறு போடறீங்களா இல்லையா?' என்பார் பால் பூத் வாசலில் ஒருவர். நாலு வீடு தள்ளி இன்னொருவர், 'ஊட்டி ஊட்டி உருளைக்கிழங்கு மாதிரி ஆக்கிட்டீங்களே!' என்பார். நாய் அதே நாய்தான். நடுவில் கடந்தது இரண்டு நிமிஷம்.

கட்டிப் போட்டால் கொடுமைக்காரர். அவிழ்த்துவிட்டால் பொறுப்பில்லாதவர். கருத்தடை ஆபரேஷன் செய்தால், 'பாவம், அதுக்கும் ஒரு குடும்பம் வேணாமா?' என்று உருகுவார்கள். (குட்டி போட்டால் ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அவசர வேலை வந்துவிடும்.)

'என் நாய், என் இஷ்டம். உங்க வேலையைப் பாருங்க' என்று சொல்லிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் சம்மதம் இல்லை. ஒரு குழந்தையைச் சரியாகக் கவனிக்காவிட்டால் நாளைக்கு அது வளர்ந்து முகத்துக்கு நேரே கேட்கும். நாய் கேட்காது. காலையில் அடி வாங்கிய நாய் சாயங்காலம் வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். அந்த வாலை நற்சான்றிதழாக வைத்துக்கொள்ள முடியுமா? இந்த வழக்கில் ஒரே சாட்சிக்கு வாய் கிடையாது. போதாக்குறைக்கு அந்தச் சாட்சி உங்கள் கையால்தான் சாப்பிடுகிறது. ஆகவே வெளியாள் யாராவது கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

எப்படிப்பட்ட வெளியாள் என்பதுதான் விஷயம். பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பேப்பரில் கிங்ஸ்டன் காட்டன் மில் கேஸ் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்து, 1896. மில் மேனேஜர் சரக்கு இருப்பை வருஷக்கணக்கில் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடிட்டர்கள் அவருடைய சர்டிபிகேட்டை நம்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு. ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்றார் நீதிபதி லோப்ஸ். திருட்டு நடந்திருக்கிறது என்ற முடிவோடு உள்ளே நுழைவது ஆடிட்டர் வேலையில்லை. ஆனால் சந்தேகத்துக்கு ஒரு காரணம் கண்ணில் பட்டால் அடிவரை போய்ப் பார்க்க வேண்டும்.

நாய் விஷயத்தில் நமக்கு வாய்ப்பவர்கள் பெரும்பாலும் மோப்ப நாய்கள். நீங்கள் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டுத்தான் மோப்பம் பிடிக்கவே ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு நடுவில் காவல் நாயை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. அவர்கள் சொல்வதற்குள் உங்கள் நாய் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

'போயும் போயும் தெரு நாயையா வளர்க்கறீங்க? ஒரு லாப்ரடார் வாங்கியிருக்கலாமே!' இதில் நாய் இல்லை. உங்கள் அந்தஸ்து மட்டும்தான் இருக்கிறது. 'மே மாசம், மத்தியானம் பன்னண்டு மணிக்குத் தார் ரோட்டுல நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களே, அறிவிருக்கா?' இதில் நாய் இருக்கிறது. அறிவிருக்கா என்பதைக் கழித்துவிட்டு, குனிந்து புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். சில விநாடிகூடத் தாங்கவில்லையென்றால் திரும்பி வீட்டுக்குப் போங்கள். சொன்னவர் உங்களுக்குப் பிடிக்காத ஆசாமி என்பது வேறு கணக்கு.

மகாபாரதக் கடைசியில் தருமர் ஒரு நாயோடு வந்து நிற்கிறார். நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். உலகத்தின் முதல் ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி! இவ்வளவு தூரம் நடந்து வந்த நாய்க்குப் பசிக்குமா என்று அவன் கேட்டதாகத் தெரியவில்லை. (இன்றைய செக்ரட்டரிகளுக்கு ஒரு தகவல்: மெஜாரிட்டி ஓட்டுப் போட்டாலும் குடியிருப்பில் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.) அதற்காக லிஃப்ட்டில் நாய் அசிங்கம் செய்ததைக் கண்டுகொள்ளாமல் போகிறவரைப் பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால், அது வளர்ப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல. கழுவிவிடுங்கள்.

சாப்பாட்டுச் சண்டைக்கு முடிவே கிடையாது. நாய்க்குச் சோறு போடுவதே பாவம் என்கிறது ஒரு கட்சி. 'எங்க பாட்டி வீட்டு நாய் தயிர்சாதத்துலயே பதினஞ்சு வருஷம் இருந்துச்சு' என்கிறது இன்னொரு கட்சி. ஸ்வீடன் நாட்டு உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணுவின் பிரதிகள் நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி. ஆகவே சோறு பாவமில்லை. தயிர்சாதம் மட்டும் போதும் என்பதும் இல்லை, புரதத்துக்கு எங்கே போகும்? வேடிக்கை என்னவென்றால், உங்களைக் குறை சொல்லிவிட்டு, 'ஆசையா பார்க்குது பாருங்க' என்று சாக்லேட்டை நீட்டுகிறவரும் இவர்தான். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். அங்கே மரியாதை பார்க்காமல் கையைத் தட்டிவிடலாம்.

அடுத்தது காசு. 'நாய்க்கு அஞ்சாயிரம் ரூபாய் வைத்தியமா? அந்தக் காசுல ஒரு ஏழைப் பிள்ளை படிக்குமே!' இதே மனிதர் பட்டுப்புடவைக் கடையிலிருந்து வெளியே வருகிற யாரையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏழைப் பிள்ளை அவருக்கு நாயைக் கண்டால்தான் ஞாபகம் வரும். இந்தக் கேள்விக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா நாயின் தட்டைக் கழுவுகிறார். நாய் சோபாவில் ஏ.சி.யில் தூங்குகிறது. அந்த அம்மா சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, தனக்கென்று ஒதுக்கிய டம்ளரில் காபி குடிக்கிறார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால் வேலை போகும். சரி, அதில் நாய் எங்கே இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்காதீர்கள். நான் சொன்ன வழி இங்கே செல்லாது. நாயை சோபாவிலிருந்து இறக்கியும் பிரயோஜனம் இல்லை. டம்ளரைத்தான் மாற்ற வேண்டும்.

விமர்சகர்களை விட்டுவிட்டு உங்களை நீங்களே ஆடிட் செய்துகொள்ள ஓர் அளவுகோல் இருக்கிறது. பண்ணை விலங்குகளுக்காக 1965-ல் பிரிட்டனில் பிராம்பெல் கமிட்டி எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஜல்லிக்கட்டு வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டும் 2014-ல் அதைக் குறிப்பிட்டது. பசி தாகம் இல்லாமல், அசௌகரியம் இல்லாமல், வலியும் நோயும் இல்லாமல், பயம் இல்லாமல், தன் இயல்புப்படி நடந்துகொள்ள இடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் வவுச்சர் இருக்கும்: சாப்பாட்டுப் பில், தடுப்பூசிப் புத்தகம். பெரிய வீடுகள் கோட்டை விடுவது கடைசி இரண்டில். நேரத்துக்கு மட்டன், நாள் முழுக்கச் சங்கிலி. எப்போதும் கட்டிப் போட்டிருக்கும் நாயைப் போதுமான அளவு நடமாட விடாதது 1960-ம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. 50 ரூபாய்க்குப் பயந்து யார் வாக்கிங் கூட்டிப் போகப் போகிறார்கள்? தெருவில் ஒருத்தர் கேட்டால்தான் உண்டு. மோப்ப நாயாகவே இருந்தாலும் கேட்கட்டும்.

எந்த அளவுகோலும் சுலபமாகப் பேசாத இடம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பதினான்கு வயது லாப்ரடார். சிறுநீரகம் போய்விட்டது. பின்னங்கால் எழவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடுவது பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர், ஆனால் அவசரப்படுத்தவில்லை. தினமும் ராத்திரி காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள் என்றார். சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்த்ததா? நல்ல நாள் என்றால் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி.

இரண்டாவது வாரம் எதிர்வீட்டு அம்மா, 'ஏங்க இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்க விடறீங்க, மனசாட்சியே இல்லையா?' என்றார். நாலாவது வாரம் பெருக்கல் குறிகள் வரிசையாக வந்தன. டாக்டர் வீட்டுக்கே வந்தார். மறுநாள் ஒன்றுவிட்ட பெரியப்பா போனில், 'வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டீங்களேடா' என்றார். இருவர் சொன்னதிலும் நாய் இருந்தது. இருவருமே அதன் நல்லதுக்குத்தான் பேசினார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் இல்லை. குடும்பம் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பையன் மட்டும் அந்தக் காலண்டரைக் கழற்றிப் பீரோவில் வைத்துக்கொண்டான்.

தீபாவளிக்குப் பெரியப்பா வந்திருந்தார். மிக்சரைக் கொறித்துக்கொண்டே, 'அடுத்து எப்படா நாய் வாங்கப் போறீங்க?' என்றாராம். 'இந்தத் தடவை நாட்டு நாயா பாருங்க. போனதுக்கு நீங்க ரொம்பச் செல்லம் கொடுத்துட்டீங்க.'