சாட்சியும் சார்பும்

விளையாட்டு அணியொன்றை நடத்தியவரே அவ்விளையாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் புகுந்தால் அவரது எழுத்தை நம்பலாமா என்ற வினா, தொழில் ஒழுக்கம் பற்றியதாகத் தோன்றினும், உயிர் தான் ஈடுபட்ட ஒன்றை விலகி நின்று அறிய வல்லதா என்னும் பழைய தத்துவ வினாவின் ஒரு கிளையே ஆகும். அயர்லாந்தில், பந்தைக் கையில் ஏந்தியும் காலால் உதைத்தும் அணிக்குப் பதினைந்து பேராக ஆடப்படும் கேலிக் உதைபந்தாட்டத்தில், தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கிண்ணம் வென்றிருந்த கெரி அணியை 1982இல் ஒரே புள்ளியால் வீழ்த்திய ஒவ்பலி அணியின் பயிற்றுநர் யூஜின் மக்கீ, 'லோங்ஃபோர்ட் லீடர்' பத்திரிகையின் ஆசிரியராகவும் விளையாட்டுப் பத்தி எழுத்தாளராகவும் விளங்கியவர்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா இன்னும் நெருக்கமாக எழும். யாழ் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியான வடக்கின் பெருஞ்சமரைப் பற்றி, அவ்விரண்டில் ஒன்றின் பழைய மாணவரோ முன்னாள் பயிற்றுநரோ எழுதினால், விக்கெட்டை நோக்கி வந்த பந்தைக் காலால் மறித்தமைக்காக வழங்கப்படும் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பில், தம் கல்லூரி வீரர் நடுவரின் தீர்ப்புக்குப் பலியானதாகவும், எதிரணி வீரர் பந்தைக் கணிக்கத் தவறியதாகவும் அவரது பேனா எழுதிவிடக்கூடும். இரு வாக்கியங்களிலும் பொய்யில்லை என்பதே சிக்கல்.

முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளைக் கூறுகிறது. ஒன்று கனியை உண்ண, மற்றது உண்ணாமல் பார்த்திருக்கிறது. உயிரும் பிரமமும் ஒன்றே எனக் கொள்ளும் அத்வைதிகளுக்குப் பார்த்திருக்கும் நிலையே உயிரின் மெய்நிலையாதலால், பற்று நீங்கிய பயிற்றுநர் தூய சாட்சியாதல் கூடும். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை அடியொற்றிய யாழ்ப்பாணத்துச் சைவ மரபின் நோக்கிலோ, பார்த்திருப்பவன் இறைவன். உயிர், அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்குபோலச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. பாசத்தை, அதாவது உயிரைப் பிணிக்கும் தளையைச் சார்ந்தோ சிவத்தைச் சார்ந்தோ நிற்பதன்றி, எதையும் சாராது நிற்க அதற்கு இயலாது.

சித்தாந்தத்தை விளையாட்டுப் பக்கம் வரை இழுப்பது சிலருக்கு மிகையாகப் படலாம். ஆயினும், தன்னைத்தானே நடுநிலை என்று அழைத்துக்கொள்ளும் எழுத்தின் செருக்கை அது நன்றாகவே வெளிப்படுத்துகிறது. அணியோடு வாழ்ந்தவரே ஆட்டத்தின் உள்நுட்பம் அறிவாராதலால், அவரை எழுதவிடாது தடுத்தல் வாசகருக்கே இழப்பு. பெருஞ்சமரைப் பற்றி எழுதுவோர் தம் பெயரின் கீழே தம் கல்லூரியின் பெயரையும் இட்டு எழுதட்டும்.